வயிறு எடுத்த பிறகு குடல் பாக்டீரியாவைக் கவனிப்பது எப்படி

இரைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, வயிற்றில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டு ஒருவர் வீடு திரும்பியிருக்கிறார், அவருக்குச் சமைப்பதும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் நீங்கள்தான் என்றால், இது உங்களுக்காக. டிஸ்சார்ஜ் தாளில் “கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடவும்” என்று ஒரு வரி இருக்கும், பி12 ஊசி பற்றி ஒரு வரி இருக்கும், அடுத்த கீமோ தேதி இருக்கும். குடலில் இருக்கும் பாக்டீரியாவைப் பற்றிப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில் வரப்போகும் பல தொல்லைகள், உப்புசம், நாற்றத்தோடு போகும் வாயு, திடீர்ப் பேதி, எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாத எடை, இவற்றில் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் பெரியப்பாவுக்கு முழு வயிறையும் எடுத்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் படித்ததும், டாக்டர்களிடமும் டயட்டீஷியனிடமும் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருப்பது. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையதுதான்.

சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் பல வருடங்கள் முன்வரிசையில் இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று தமிழில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு.

உள்ளே என்ன மாறிவிட்டது

வயிற்று அமிலம் சோற்றைக் கரைப்பதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைவிட முக்கியமான வேலை ஒன்று அதற்கு உண்டு. வெறும் வயிற்றில் அமிலத்தின் பிஎச் அளவு 1.5 முதல் 3 வரை இருக்கும், இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமை. அந்த அளவில் நாம் விழுங்கும் பாக்டீரியாவில் பெரும்பாலானவை கால்மணி நேரத்தில் செத்துவிடும். தண்ணீரில், சட்னியில், கையில் இருப்பவை மட்டும் இல்லை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் எச்சில் விழுங்குகிறோமே, அதில் வாய்க்குள் வாழும் பாக்டீரியா கோடிக்கணக்கில் உள்ளே போகிறது. இவ்வளவையும் வாசலிலேயே நிறுத்தும் காவல்காரன்தான் அமிலம். அதனால்தான் சிறுகுடலின் மேல்பகுதியில் ஒரு மில்லிக்கு ஆயிரம் பாக்டீரியா கூட இருப்பதில்லை, பெருங்குடலிலோ ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி வரை இருக்கிறது.

முழு வயிறையும் எடுத்தால் அமிலம் சுத்தமாக இல்லை. உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு சேர்த்துத் தைக்கிறார்கள். கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தவர்களுக்கு மிச்ச வயிறு இருக்கும், ஆனால் அமிலம் சுரக்கச் சொல்லித் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோன் வருவது எடுத்துவிட்ட அந்தக் கீழ்ப்பகுதியிலிருந்துதான், போதாததற்கு மூளையிலிருந்து வயிற்றுக்கும் குடலுக்கும் வரும் வேகஸ் நரம்பின் கிளைகளும் வெட்டுப்பட்டிருக்கும், ஆகவே அமிலம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. 1881ல் வியன்னாவில் தியோடோர் பில்ரோத் முதன்முதலாக வெற்றிகரமாக வயிற்றின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இணைத்ததிலிருந்து பல விதமான இணைப்புகள் வந்துவிட்டன. இன்று அதிகம் கேள்விப்படுவது சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த அறுவை மருத்துவர் செசார் ரூவின் பெயரால் வழங்கும் ரூ-என்-ஒய், ஆங்கில ஒய் எழுத்து போல இருக்கும். சாப்பாடு ஒரு கிளையில் வரும், பித்தநீரும் கணைய நீரும் இன்னொரு கிளையில் வந்து கீழே சேரும். பில்ரோத் இரண்டு என்ற இணைப்பிலும் இப்படி சாப்பாடு போகாத ஒரு குழாய் ஒதுங்கி நிற்கும். ஓட்டம் மந்தமான இடத்தில் பாக்டீரியா குடியேறுவது எளிது. இதோடு நரம்பும் வெட்டுப்பட்டிருப்பதால், பட்டினி நேரத்தில் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குடலைப் பெருக்கித் தள்ளும் இயல்பான அசைவும் பலருக்குக் குறைகிறது.

ஜப்பானில் வயிறு எடுத்து ஆண்டுகள் ஆன 50 பேரின் மலத்தையும், எடுக்காத 56 பேரின் மலத்தையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020ல் வந்தது. வயிறு எடுத்தவர்களின் குடலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரி வாயில் இருக்க வேண்டிய இனங்களும், ஆக்ஸிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கக்கூடிய இனங்களும் அதிகம் இருந்தன. விதவிதமான இனங்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. பாக்டீரியா வகை அதிகமானால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள், இங்கே அதை அப்படியே நம்ப முடியாது, ஏனென்றால் கூடியதில் பலவும் அந்த இடத்தைச் சேர்ந்தவை அல்ல. பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டமும், பித்த அமிலத்தைப் பாக்டீரியா மாற்றுவதால் வரும் டீஆக்ஸிகோலிக் அமிலமும் கூடவே காணப்பட்டன. இதைப் படித்துப் பயப்பட வேண்டாம், ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்று ஆகிவிடாது. வயதுக்கு உரிய கோலனோஸ்கோபியை, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடாமல் இருக்க இது ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஆக, அமிலம் செய்துகொண்டிருந்த வேலையை இனி வீடு எடுத்துச் செய்ய வேண்டும். இதற்கு மேல் சொல்வதெல்லாம் அதன் விவரம்தான்.

முதல் சில வாரம்: டியூப், ஆன்டிபயாடிக், கீமோ

பலரை எஃப்ஜே டியூப்போடுதான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அதாவது வயிற்றுத் தோல் வழியாகச் சிறுகுடலுக்குள் நேராகப் போகும் மெல்லிய குழாய். கஞ்சி, மோர், பவுடர் கலந்த ஃபீட் எல்லாம் அதில் போகும். நன்றாக யோசித்துப் பாருங்கள், வாயும் இல்லை, வயிறும் இல்லை, நீங்கள் கலக்கும் பாத்திரத்தில் இருப்பது அப்படியே குடலுக்குள். ஃபீட் கலக்கும் பாத்திரம், கரண்டி, வடிகட்டி, சிரிஞ்ச் எல்லாவற்றையும் அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகச் செய்யுங்கள். காலையில் ஒரு குண்டான் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி மாலைவரை வெளியில் வைத்து ஊற்றுவது நம் வீடுகளில் சாதாரணம், அதை அடியோடு நிறுத்த வேண்டும். சொட்டுச் சொட்டாக விடும் ஃபீட் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்க விடாதீர்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு டியூப்பைக் கழுவினால் அடைப்பும் வராது, உள்ளே பழைய கஞ்சியும் தங்காது. டியூப்பில் பேதியானால் எல்லாரும் ஃபீட்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிராண்டை மாற்றுகிறார்கள். முதலில் வேகத்தையும் சுத்தத்தையும் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு போடும் ஆன்டிபயாடிக் தேவையானது, அதில் விவாதமே இல்லை. பிரச்சினை அதற்குப் பிறகு, லேசான காய்ச்சல், சளி என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக். ஏற்கெனவே குலைந்துபோன குடல், அதில் இருக்கும் நல்லதையும் அது கொல்லும். அமிலத் தடையும் இல்லாத நிலையில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி கிளம்பினால் நாற்றத்தோடு நாளைக்குப் பல தடவை தண்ணீராகப் போகும், காய்ச்சலும் வயிற்று வலியும் சேரும். ஆன்டிபயாடிக் எடுத்த சமயத்திலோ அதை முடித்துச் சில வாரங்களுக்குள்ளோ இப்படி வந்தால், பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடாமல் மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ஃப்ளாட் என்று சொல்லும் கீமோ முறையில் ஆபரேஷனுக்கு முன் நான்கு, பின் நான்கு சுற்று உண்டு. கீமோ மருந்தே குடல் உட்சுவரைப் புண்ணாக்கிப் பேதியைத் தரும், வெள்ளை அணுக்களையும் இறக்கும். குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைய இதைவிட வசதியான நேரம் கிடையாது. கீமோ நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, அது நடுராத்திரியாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாயிலிருந்து தொடங்குங்கள்

குடலில் கூடுவது வாயில் இருக்கும் பாக்டீரியா என்று பார்த்தோம், அப்படியென்றால் வாயைச் சுத்தமாக வைப்பதுதான் கையில் இருக்கும் மலிவான வழி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும், அதனாலேயே யாரும் செய்வதில்லை. காலை, இரவு இரண்டு வேளையும் மென்மையான பிரஷ், நாக்கு வழிப்பது, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் கொப்பளிப்பது. பல் செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வைப்பது. சொத்தைப் பல்லையும் ஈறு வீக்கத்தையும் முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்துவிடுவது நல்லது. கீமோ நடுவில் பல் பிடுங்க வேண்டி வந்தால் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லாமல் போகாதீர்கள். கிருமிநாசினி மவுத்வாஷை நாள் முழுக்க ஊற்றிக் கொப்பளிப்பதும் வேண்டாம், வாய்க்குள்ளும் நல்ல பாக்டீரியா உண்டு, வாய்ப்புண் இருந்தால் எரியவும் செய்யும். உப்புத் தண்ணீர் போதும்.

தண்ணீரும் சாப்பாடும்

1970ல் ஜெருசலேமில் காலரா பரவியபோது, முன்பு வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள் எளிதில் மாட்டிக்கொண்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலராக் கிருமியை அமிலம் சுலபமாகக் கொல்லும், அதனால் சாதாரண ஆளுக்கு நோய் வர ஏராளமான கிருமி தேவை. அமிலம் இல்லாதவருக்குக் கொஞ்சம் போதும். சால்மோனெல்லாவுக்கும் இதே கணக்குதான். வீட்டில் எல்லாரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இவருக்கு மட்டும் பேதியானால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதுதான். ஆர்ஓ மெஷின் இருக்கிறதே என்பார்கள், பில்டர் மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்துவிடுங்கள். வெளியில் போனால் பாட்டில் கையோடு. ஐஸ் போட்ட கரும்புச் சாறு, பானிபூரி, நறுக்கி வைத்த பழம், தள்ளுவண்டிச் சட்னி, இவற்றை மொத்தமாக விட்டுவிடலாம், இவற்றால் எடை ஏறப்போவதும் இல்லை.

நம் சமையலில் பெரும்பாலானது இவருக்குச் சாதகமானது. இட்லி ஆவியில் வெந்தது, சூடாக இறக்கியவுடன் தட்டுக்கு வருகிறது. ரசம் சாதம், பருப்பு குழைய வெந்த பொங்கல், இடியாப்பம் எல்லாம் அப்படித்தான். ஆபத்து இருப்பது பக்கத்தில்: காலையில் அரைத்து மதியம்வரை வெளியில் இருக்கும் தேங்காய்ச் சட்னி, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கடைந்த மோர், முதல் நாள் இரவு மீன் குழம்பு. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மைதான், ஆனால் இவருக்குச் செய்த அன்றே கொடுங்கள், மிச்சத்தை உடனே ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் ஆவி பறக்கக் கொதிக்க வைத்த பிறகே திரும்பக் கொடுங்கள். முட்டையை ஆஃப்பாயிலாகக் கொடுக்க வேண்டாம், நன்றாக வேகட்டும்.

பழைய சோறு பற்றி எல்லாரும் கேட்பார்கள். குடலுக்கு நல்லது என்று படித்திருப்பார்கள், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு பற்றிய செய்தியும் வந்தது. அவர்களுக்கு வயிறு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சோறு வெந்த பிறகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாகாமல் இருக்கும், ராத்திரி முழுக்க வெளியில் ஊறும்போது அவை முளைக்கும். புளிப்பு ஏற ஏற அடங்கிவிடும் என்றாலும் எந்த வீட்டுப் பானையில் எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. என் கருத்து, கீமோ முடியும்வரை பழைய சோறு வேண்டாம். அதன் பிறகும் டாக்டரைக் கேட்டு, கொதித்து ஆறிய தண்ணீரில், சுத்தமான பாத்திரத்தில் ஊற வைத்து, இரண்டு ஸ்பூனில் தொடங்கிப் பாருங்கள். தயிர் இதைவிடப் பாதுகாப்பு, நன்றாகக் காய்ச்சிய பாலில் அன்றன்றைக்கு உறையூற்றி, கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு மோராக்கிக் கொடுக்கலாம். பால் குடித்தால் குடல் புரட்டுகிறது என்பவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையை உறையும்போதே பாக்டீரியா கொஞ்சம் தின்றுவிடுகிறது.

அடிக்கடி கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள், சரி, ஆனால் அதற்கு நாள் முழுக்க கொறித்துக்கொண்டே இருப்பது என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன பெருக்கித் தள்ளும் அசைவு சாப்பாடு உள்ளே போனவுடன் நின்றுவிடும். ஆறு வேளை என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டு, இரவுச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் நல்ல இடைவெளி இருக்கட்டும். எடை இறங்கிக்கொண்டே போகிறவருக்கு இந்த இடைவெளியை முன்னிட்டு ஒரு வேளையைக் குறைக்கக் கூடாது, அப்போது கலோரிதான் முதலில். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரைமணி முன்பின்.

உப்புசமும் பேதியும் வந்தால் எது என்று எப்படிப் பிரிப்பது

இங்கேதான் வீடுகளில் அதிகம் தடுமாறுகிறோம், சில சமயம் மருத்துவமனைகளிலும். வயிறு எடுத்தவருக்கு வரும் எல்லாவற்றுக்கும் “வாயு” என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். குறைந்தது நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒரே முகத்தோடு வரும், மருந்து நாலுக்கும் வேறு.

கடிகாரத்தைப் பாருங்கள். சாப்பிட்டுப் பத்து நிமிடத்திலிருந்து அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடித்துப் பேதி என்றால் அது டம்பிங், சாப்பாடு சிறுகுடலுக்குள் மொத்தமாகக் கொட்டுவதால் வருவது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து நடுக்கம், தலைசுற்றல், அகோரப் பசி என்றால் தாமதமாக வரும் டம்பிங், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் இனிப்பைக் குறைத்து, புரதத்தைக் கூட்டி, மெதுவாக மென்று சாப்பிடுவது.

மலம் வெளிறி, எண்ணெய் பளபளத்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. கணைய நீர் சாப்பாட்டோடு சரியான நேரத்தில் கலக்காதது ஒரு காரணமாக இருக்கலாம். மலத்தில் இலாஸ்டேஸ் என்ற கணைய என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனை செய்து, கணைய என்சைம் கேப்சூல் கொடுப்பார்கள். அந்தக் கேப்சூலைச் சாப்பாட்டின் முதல் வாயோடு போட வேண்டும், சாப்பிட்டு முடித்துவிட்டுப் போட்டால் பயன் குறைவு. சிறு வேளைகளுக்கும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆறு வேளை சாப்பிடுகிறவருக்கு மூன்று வேளைக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது நடக்கிறது.

பால், காபி, பாயசம் குடித்தால் மட்டும் வருகிறது என்றால் லாக்டோஸ் செரிக்கவில்லை.

எந்தச் சாப்பாடு என்றில்லாமல் நாள் போகப்போக வயிறு ஊதி, நாற்றமான ஏப்பமும் வாயுவும், ஒரு நாள் பேதி ஒரு நாள் நார்மல், எடை ஏறவில்லை என்றால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம். இதைச் சுருக்கமாக சிபோ என்பார்கள். பெருகிய பாக்டீரியா பித்த அமிலத்தைச் சிதைத்துவிடும், கொழுப்பு செரிக்காது, கூடவே ஏ, டி, ஈ வைட்டமின்களும் போகும். அதனால் எண்ணெய் மிதக்கும் மலம் சிபோவிலும் வரும், கணையக் கோளாறு என்று கேப்சூல் கொடுத்தும் குணமாகவில்லை என்றால் இதை நினைவுபடுத்துங்கள்.

சிபோவுக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு. குளுக்கோஸ் அல்லது லாக்டுலோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் பைக்குள் ஊதச் சொல்வார்கள். தொண்ணூறு நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் ஆரம்ப அளவிலிருந்து 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் சிபோ என்று எடுத்துக்கொள்கிறார்கள், மீத்தேனுக்கு 10 பிபிஎம். போவதற்கு முன் ஆன்டிபயாடிக் எடுத்து நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும், முதல் நாள் நார்ச்சத்து இல்லாத எளிய சாப்பாடு, இரவு முழுக்கப் பட்டினி. பரிசோதனை எடுப்பவரிடம் வயிறு எடுத்திருக்கிறார் என்று கட்டாயம் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் அவ்வளவு குளுக்கோஸ் குடித்தால் டம்பிங் வந்து மயங்கலாம், சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் கவனம். இன்னொரு விஷயம், வயிறு இல்லாதவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேகமாகப் பெருங்குடலுக்குப் போய்விடுவதால் சிபோ இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். ஆகவே ரிசல்ட்டைத் தனியாகப் பார்க்காமல் அறிகுறியோடு சேர்த்துப் பார்க்கும் டாக்டரிடம் காட்டுங்கள். சிலர் பரிசோதனை இல்லாமலே ரிஃபாக்ஸிமின் கொடுத்துப் பார்ப்பார்கள், அது பெரும்பாலும் குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும் ஆன்டிபயாடிக். குணமாகிச் சில மாதங்களில் திரும்ப வருவதும் உண்டு, ஏனென்றால் காரணம் இணைப்பிலும் அமிலம் இல்லாததிலும் இருக்கிறது, அது மாறவில்லை. பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கித் திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

டாக்டரிடம் போகுமுன் ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதுங்கள், என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, தொல்லை எத்தனை மணிக்கு, மலம் எப்படி, எடை எவ்வளவு. ஓபியில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் இந்த நோட்டு பேசுகிற அளவு நாம் பேச முடியாது.

பி12, இரும்பு, கால்சியம்

பி12 உறிஞ்சத் தேவையான இன்ட்ரின்சிக் ஃபேக்டர் வயிற்றில்தான் சுரக்கிறது. முழு வயிறும் எடுத்தவருக்கு ஊசி ஆயுள் முழுக்க, 1000 மைக்ரோகிராம், மாதம் ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ டாக்டர் சொல்வார். தினசரி அதிக டோஸ் மாத்திரையும் சிலருக்குப் போதும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஊசி போடாமலே ஓரிரு வருடம் ஒன்றும் தெரியாது, அதனால் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு கால் மதமதப்பு, நடை தள்ளாட்டம், மறதி என்று நரம்பில் வந்து நிற்கும். குடலில் பெருகிய பாக்டீரியாவும் பி12ஐத் தின்னும், ஆனால் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினை உற்பத்தி செய்யும். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாகவும் ஃபோலேட் தூக்கலாகவும் இருந்தால் சிபோவுக்கு அது ஒரு துப்பு, ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடாதவராக இருந்தால்.

இரும்பு மாத்திரையை அமிலம் இல்லாமல் உடல் சரியாக எடுத்துக்கொள்ளாது, உறிஞ்சாமல் குடலில் தங்கும் இரும்பு வேண்டாத பாக்டீரியாவுக்குத்தான் தீனி. மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் ஹிமோகுளோபின் ஏறவில்லை என்றால் ட்ரிப்ஸில் இரும்பு ஏற்றலாமா என்று கேளுங்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகை வாங்குங்கள், கார்பனேட் கரைய அமிலம் வேண்டும்.

கேஸ் மாத்திரை: முழு வயிறும் எடுத்தவருக்கு பேண்டபிரசால், ஒமிபிரசால் எதற்கு? அடக்குவதற்கு அங்கே அமிலமே இல்லை. நெஞ்செரிச்சல் வந்தால் அது மேலே ஏறும் பித்தநீர், அதற்குத் தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துவது, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன் சாப்பாட்டை முடிப்பது, டாக்டர் தரும் வேறு மருந்து. பாதி வயிறு இருப்பவர்களுக்கு இணைப்பில் புண் வராமல் இருக்க அந்த மாத்திரை தேவைப்படலாம், எனவே நீங்களாக நிறுத்தாமல் “இது இன்னும் வேண்டுமா, எவ்வளவு நாள்” என்று கேளுங்கள், இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் அது அடக்கிவிடும்.

பாதி வயிறு மிச்சம் இருக்கிறவர்கள் கேட்க வேண்டிய இன்னொன்று எச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமி. இதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005ல் நோபல் கிடைத்தது, 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் கிருமி என்று அறிவித்துவிட்டது. மிச்ச வயிற்றில் அது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒழித்துவிடுவது நல்லது. பதினான்கு நாள் கோர்ஸ், குடல் கொஞ்சம் கலங்கும், அதற்காக நடுவில் விடக் கூடாது.

நல்ல பாக்டீரியாவுக்கு என்ன கொடுப்பது

புரோபயாட்டிக் கேப்சூல் விளம்பரம் பார்த்து வாங்கத் தோன்றும். கீமோ நடக்கும்போது, குறிப்பாக மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் கீமோ போர்ட் இருக்கும்போது, டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வேண்டாம். அதில் இருப்பது உயிருள்ள கிருமி. வெள்ளை அணு குறைந்தவர்களுக்கு அது ரத்தத்தில் கலந்து காய்ச்சல் கொண்டுவந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு, சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் வகையில் இன்னும் கவனம் தேவை. பேதிக்கு உடனே எழுதிக் கொடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். கீமோ எல்லாம் முடிந்து உடம்பு தேறியவர் டாக்டர் சொல்லி எடுத்தால் தப்பில்லை, சிலருக்கு உப்புசம் குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது.

என்னைக் கேட்டால் கேப்சூலைவிட நார்ச்சத்து முக்கியம், பெருங்குடலில் நல்ல பாக்டீரியா தின்பது அதைத்தான். ஆனால் முதல் இரண்டு மாதம் அவசரப்படாதீர்கள். குழைந்த சாதம், தோல் நீக்கிய பாசிப்பருப்பு, வேகவைத்த கேரட், பூசணி, கனிந்த வாழைப்பழத்தில் தொடங்கி, ஒத்துக்கொண்டால் ஓட்ஸ், கேழ்வரகு, முளைகட்டி வேகவைத்த பயறு என்று ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய் சக்கை, கீரைத் தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், இவை மிச்ச வயிற்றில் திரண்டு கட்டியாக அடைத்துக்கொள்ளக்கூடியவை, சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பச் சொல்லுங்கள். சிபோவுக்கு என்று வெங்காயம், பூண்டு, பருப்பு, கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் உணவு முறை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருப்பவரை அதில் போட்டால் எடை இன்னும் இறங்கும், நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். டயட்டீஷியன் கூடவே இருந்து சில வாரங்களுக்கு மட்டும் என்றால் சரி.

எப்போது காத்திருக்கக் கூடாது

கீமோ நாளில் காய்ச்சல். தண்ணீராகப் பேதியாகி ஓஆர்எஸ்கூட உள்ளே நிற்காமல் போவது, சிறுநீர் குறைவது. மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம். வாயுவும் போகாமல் மலமும் போகாமல் வயிறு கல்லாகி வாந்தி எடுப்பது, இது அடைப்பு. சில வாரமாகத் தொடரும் வாந்தியோடு கண் மங்கல், தள்ளாட்டம், குழப்பம் என்றால் பி1 குறைந்திருக்கலாம், குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றுமுன் அதைக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று முழுங்க முடியாமல் போனாலோ, எடை மறுபடி இறங்க ஆரம்பித்தாலோ, சிபோ, டம்பிங் என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்காமல் ஸ்கேனுக்கோ எண்டோஸ்கோபிக்கோ கேளுங்கள்.

அப்புறம், ஆபரேஷன் நோட்ஸின் நகலைக் கேட்டு வாங்கி, எவ்வளவு வயிறு எடுத்தார்கள், எந்த இணைப்பு என்ற வரி தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டில் எல்லாருடைய போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன இடத்தில் பேதி என்று பக்கத்து கிளினிக்கில் காட்டும்போது அந்த டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.